யோபுவின் வேலையாட்கள்: துன்பத்தின் நோக்கம் பேசும் நூல்கள் பற்றிய ஒரு மதிப்பீடு

துன்பத்துக்கு ஒரு நோக்கம் உண்டு என்பது கிறிஸ்தவ நம்பிக்கையின் அடிப்படைக் கூற்றுகளுள் ஒன்றாகும். நம்பிக்கையுடையோர் அதனை ஆறுதலாகக் கொள்வர். நம்பிக்கையில்லாதோர் அதனை ஏமாற்று என்பர். இவ்விரு சாராரும் பெரும்பாலும் கேளாது விடும் வினா ஒன்றுண்டு. அக்கூற்றை யார், யாரிடம், எப்பொழுது கூறுகின்றார் என்பதே அது. ஓர் இலக்கியத்தை மதிப்பிடும்போது கூற்று, கேட்போர், களம் ஆகியவற்றை நோக்குதல் நம் தமிழ் மரபுக்குப் புதியதன்று. தொல்காப்பியர் செய்யுளுறுப்புகளுள் அவற்றையும் வைத்து எண்ணினார். அந்த அளவுகோலைக் கொண்டே, துன்பத்தின் நோக்கத்தைப் பேசும் சில நூல்களைச் சப்பிரகமுவத் தோட்டப்புறம் ஒன்றிலிருந்து நோக்க இக்கட்டுரை முயல்கின்றது.

இம்முயற்சிக்கு ஒரு காரணமும் உண்டு. 2016ஆம் ஆண்டு மே மாதம் 17ஆம் நாள், கேகாலை மாவட்டத்தின் அரநாயக்கவில் சாமசர மலை சரிந்து கிராமங்களை மூடியது. நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தோ காணாமலோ போயினர். அதே நாளில் புலத்கொஹுபிட்டியவின் களுப்பஹனத் தோட்டத்திலும் மண் சரிந்து லயக் காம்பராக்களைப் புதைத்தது. அப்பொழுது நான் பாடசாலைச் சிறுவன். எங்கள் தோட்டம் அவ்விடத்திலிருந்து தொலைவிலன்று. அடுத்த ஞாயிறு எங்கள் சிற்றாலயத்தில் நடந்த மன்றாட்டில், வெளியூரிலிருந்து வந்த உபதேசி ஒருவர், இதிலும் ஆண்டவருக்கு ஒரு நோக்கம் உண்டு என்றார். என் அம்மாயி நாள்தோறும் வேதம் வாசிப்பவர். மூன்று பிள்ளைகளை அடக்கம் செய்தவர். ஆலயத்தை விட்டு வெளியே வந்ததும் அவர், "இருக்கலாம் தம்பி, ஆனா அத அவரு சொல்லக்கூடாது" என்றார். அவ்வாக்கியத்தின் பொருளை விளங்கிக்கொள்ள எனக்குப் பல ஆண்டுகள் சென்றன. இக்கட்டுரை அதற்கு எழுதப்பட்ட ஓர் உரை எனினும் தவறாகாது.

யோபுவும் நண்பர்களும்

துன்பத்தின் நோக்கம் பற்றிய ஆராய்ச்சி யாவும் விவிலியத்தின் யோபு நூலிலேயே தொடங்குதல் வழக்கம். நாற்பத்திரண்டு அதிகாரங்கள் கொண்ட இந்நூலின் முதலிரண்டும் இறுதிப் பகுதியும் உரைநடையிலானவை; இடைப்பட்டவை பெரும்பாலும் செய்யுள். முன்னுரைப் பகுதியில், யோபு பயன் கருதியே பக்தி செய்கின்றான் என்று சாத்தான் இறைவனிடம் வாதிடுகின்றான். அதனைச் சோதிக்க அனுமதியும் பெறுகின்றான். கால்நடைகள் போகின்றன, வேலையாட்கள் மடிகின்றனர், பெருங்காற்றில் வீடு இடிந்து ஏழு புதல்வரும் மூன்று புதல்வியரும் இறக்கின்றனர், இறுதியில் யோபுவின் உடல் முழுவதும் புண்ணாகின்றது.

இக்கதை தமிழ் வாசகனுக்கு அந்நியமானதன்று. அடியாரைச் சோதித்து ஆட்கொள்ளும் இறைவனைப் பெரியபுராணம் பலவிடத்துக் காட்டுகின்றது. ஆயினும் ஒரு வேறுபாடு மனங்கொள்ளத்தக்கது. சிறுத்தொண்டர் கதையில் அறுக்கப்பட்ட மைந்தனே மீண்டும் ஓடி வருகின்றான். யோபுவுக்கோ புதிய பிள்ளைகள் பிறக்கின்றனர். இறந்த பிள்ளைகள் திரும்பவில்லை. இழப்பை இல்லாததாக்கும் முடிவை யோபு நூல் தரவில்லை.

மற்றுமொன்று. சோதனையின் காரணம் வாசகனுக்குத் தெரியும், யோபுவுக்குத் தெரியாது. இறுதியில் சூறைக்காற்றிலிருந்து பேசும் இறைவன், விண்ணகத்தில் நடந்த வாதத்தைப் பற்றி அவனிடம் ஒரு சொல்லும் கூறுவதில்லை. பூமியின் அத்திவாரத்தையும் கடலின் எல்லையையும் காட்டு விலங்குகளின் வாழ்வையும் பற்றி அவனை வினவுகின்றாரேயன்றி, 'இதற்காகவே நீ துன்புற்றாய்' என விளக்கவில்லை. நோக்கம் இருந்தும் அது துன்புற்றவனுக்குச் சொல்லப்படாமலே நூல் முடிகின்றது.

நோக்கத்தை அறிந்தவர் போலப் பேசுவோர் எலிப்பாஸ், பில்தாத், சோப்பார் என்னும் மூன்று நண்பர்களும், பின்னர் வந்து சேரும் எலிகூவுமே. அவர்கள் தீயவர் அல்லர். முதலில் வந்த மூவரும் ஏழு நாள் இரவும் பகலும் யோபுவுடன் தரையில் அமர்ந்து ஒன்றும் பேசாதிருந்தனர். நூல் முழுவதிலும் அவர்கள் செய்த நற்செயல் அதுவேயெனலாம். வாய் திறந்தபின் குற்றத்துக்குத் தண்டனை, திருத்துவதற்குச் சிட்சை என்று காரணம் கற்பிக்கத் தொடங்குகின்றனர். அவர்கள் கூற்றுகள் பலவற்றைத் தனியே எடுத்து நோக்கினால் அவை பக்தி நிறைந்தவை. இன்றும் பிரசங்கங்களில் எடுத்தாளப்படுபவை. எனினும் முடிவுரையில் இறைவன் எலிப்பாஸை நோக்கி, நீயும் உன் தோழர் இருவரும் என் ஊழியன் யோபு பேசியதுபோல் என்னைக் குறித்துச் சரியானதைப் பேசவில்லை எனக் கடிந்துகொள்கின்றார். இறைவனுக்காக வழக்காடியோர் குற்றவாளிகளாகின்றனர். இறைவனோடு வழக்காடியவன் நேர்மையானவனாகின்றான். உலக இலக்கியத்தில் இதற்கு ஒப்பான தீர்ப்புகள் மிகச் சிலவே.

வேலையாட்களின் கணக்கு

இந்நூலைத் தோட்டத்துப் பிள்ளை ஒருவன் வாசிக்கும்போது வேறொன்றும் கண்ணிற் படுகின்றது. முதலாம் அதிகாரத்தில் அடுத்தடுத்து வரும் தூதருள் முதல் மூவரும் வேலையாட்கள் கொல்லப்பட்டதையும், தாம் ஒருவர் மட்டுமே தப்பியதையும் கூறுகின்றனர். இறுதி அதிகாரத்தில் ஆடு, ஒட்டகம், எருது, கழுதை யாவும் இருமடங்காகத் திரும்புகின்றன. ஏழு புதல்வரும் மூன்று புதல்வியரும் பிறக்கின்றனர். மாண்ட வேலையாட்களைப் பற்றியோ பேச்சே இல்லை. யோபுவின் சோதனைக்கு ஒரு நோக்கம் இருந்தது. அச்சோதனையில் உயிரிழந்த கூலியாளின் மரணத்துக்கு நோக்கம் எது? அவன் பிறனொருவனின் சோதனைக்குரிய கருவியாக மட்டுமே இருந்தானா?

இவ்வினாவை நூலே ஓரளவு அறிந்திருந்தது என்பதற்கும் சான்றுண்டு. முப்பத்தோராம் அதிகாரத்தில், தன் வேலைக்காரனோ வேலைக்காரியோ தன்மீது வழக்குக் கொண்டுவந்தபோது அதனைத் தான் அலட்சியம் செய்ததில்லை என்கின்றான் யோபு; தாயின் கருவில் இருவரையும் உருவாக்கியவர் ஒருவரே என்றும் காரணம் காட்டுகின்றான். இருபத்து நான்காம் அதிகாரத்திலோ, கதிர்க்கட்டைச் சுமந்தும் பசித்திருப்போர், திராட்சை ஆலையை மிதித்தும் தாகத்தோடிருப்போர் ஆகியோரின் நிலையை எடுத்துரைக்கின்றான். பெரு நாட்டு இறையியலாளர் குஸ்தாவோ குத்தியெரெஸ், யோபு நூல் பற்றி 1986இல் வெளியிட்ட ஆய்வில் இவ்விடத்தையே திருப்புமுனையாகக் கொண்டார். தன் வலியைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டிருந்த யோபு, வறியோர் யாவரின் வலியையும் பேசத் தொடங்கும்போதே அவன் மொழி மாறுகின்றது என்பது அவர் கருத்தின் சாரம். இறப்பர்ப் பால் வெட்டிச் சுமந்தும் கொழுந்து பறித்து மடுவத்தில் நிறுத்தும் அரைப்பேரோடு திரும்பிய குடும்பங்களிலிருந்து வந்தோர்க்கு இக்கருத்தை விளக்க வேண்டியதில்லை.

மிஷனும் கும்மியும்

இந்நூல்கள் நம் தோட்டங்களுக்கு எவ்வாறு வந்தன என்பதையும் நோக்குதல் வேண்டும். 1854இல் தொடங்கப்பட்ட தமிழ்க் கூலி மிஷன், இங்கிலாந்துத் திருச்சபை சார்ந்த சபையொன்றின் முயற்சியாக இருந்தபோதும், கோப்பித் தோட்டத் துரைமாரின் ஆதரவும் அதற்கு இருந்தது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து உபதேசிமார் வரவழைக்கப்பட்டனர். துரையின் ஆதரவில் இயங்கும் உபதேசி, துரையின் கூலிகளுக்குத் துன்பத்தின் நோக்கத்தை எடுத்துரைத்தார். அவ்வுபதேசிமாரின் பக்தியையும் தியாகத்தையும் ஐயுறுவதற்கு நமக்கு உரிமை இல்லை. அவர்கள் தொடக்கிய பாடசாலைகளில் எழுத்தறிந்தோர் பலர். எனினும் கூற்று எழுந்த களம் அது என்பதை மறத்தலும் முறையன்று.

மலையகத்தின் ஆரம்ப அச்சிலக்கியங்களுள் ஒன்றாகக் கருதப்படும் 'கோப்பிக் கிருஷிக் கும்மி' 1869இல் வெளிவந்தது. அதனை இயற்றிய ஆபிரகாம் ஜோசப் தோட்டத்தில் மேற்பார்வையுத்தியோகம் பார்த்தவர். கோப்பிப் பயிர்ச்செய்கை முறைகளைக் கும்மி வடிவில் எடுத்துரைக்கும் அந்நூலின் நோக்குநிலை உழைப்பவனுடையதன்று, உழைப்பிப்பவனுடையது என்பது மலையக இலக்கியம் பயில்வோர் அறிந்ததே. கும்மி உழைக்கும் மக்களின் வடிவம். குரலோ மேற்பார்வையாளரின் குரல். அதே 1869இல்தான் கோப்பியை அழிக்கவிருந்த இலைநோய் இலங்கையில் முதன்முதல் அறியப்பட்டது. தோட்டம் துரையின் மதிநுட்பத்தால் செழிக்கின்றது எனில், அது அழிந்தது எவர் நோக்கத்தால் என்பதற்கு அக்கும்மியின் உலகநோக்கில் விடையில்லை.

முதுகின் சுமை

திருநெல்வேலி மண்ணே தந்த மற்றொரு நூல், எச். ஏ. கிருஷ்ணபிள்ளையின் 'இரட்சணிய யாத்திரிகம்'. வைணவ மரபில் வளர்ந்த அவர் 1858இல் திருமுழுக்குப் பெற்றார்; ஜோன் பனியனின் ஆங்கில நூலைத் தழுவிய இக்காப்பியம் 1894இல் வெளிவந்தது. கம்பனில் தோய்ந்த நடையும் பக்தியின் உருக்கமும் இதனைத் தமிழின் சிறந்த கிறிஸ்தவக் காப்பியங்களுள் ஒன்றாக்கியுள்ளன. பனியன் தன் நூலைக் கற்பனை செய்தது, மத ஒறுப்பின் காரணமாகச் சிறையிருந்த காலத்திலாகும். கிருஷ்ணபிள்ளையும் மதம் மாறியதால் உறவினரின் எதிர்ப்பைச் சந்தித்தவர். துன்பம் விண்ணகப் பயணத்தின் வழித்தடை, வழித்தடையே பயிற்சி என்ற கருத்தை இருவரும் தம் அனுபவத்தினின்றே பேசினர். ஆதலால் அதற்கு வலிமை உண்டு.

இந்நூலின் மையப் படிமம் முதுகின் சுமை. பாவத்தின் உருவகமாகிய அச்சுமை சிலுவையின் அடியில் கழன்று விழுகின்றது. இதனை யாப்பழகுக்காகப் பாராட்டும் திறனாய்வாளர் பலர். கூடையைத் தலையிற் கொளுவி முதுகில் தாங்கி மலையேறும் பெண்ணுக்கு இப்படிமம் எவ்வாறு ஒலித்திருக்கும் என்பதையும் நாம் கேட்டல் வேண்டும். அவள் சுமப்பது உருவகமன்று. அது மடுவத்தில் இறக்கப்பட்டு, நிறுக்கப்பட்டு, கழிவு நீக்கப்பட்டு, மறுநாட் காலைப் பிரட்டுக்குப் பின் மீண்டும் முதுகில் ஏறுவது. அவளிடம் 'உன் சுமை உன் பாவம்' என்று கூறினால், பிறர் ஏற்றிய சுமையும் அவள் கணக்கிலேயே எழுதப்பட்டுவிடுகின்றது. இது கிருஷ்ணபிள்ளையின் குற்றமன்று. ஒருவர் தம் துன்பத்துக்குத் தாமே கண்ட பொருளை, வேறொருவர் முதுகில் ஏற்றி வைக்கும்போது விளையும் குற்றம் அது.

புலம்பலின் நியாயம்

நோக்கத்தை விளக்குவதற்கு விரையாத மரபு ஒன்றும் கிறிஸ்தவத் தமிழில் உண்டு. கோவாவிலிருந்து 1705இல் இலங்கைக்கு வந்து, 1742இல் பொலவத்தையில் மறைந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளாரின் 'வியாகுலப் பிரசங்கம்' அத்தகையது. தவக்காலத்தில் இராகத்தோடு வாசிக்கப்பட்டு வந்த இந்நூல், இயேசுவின் பாடுகளைப் படிப்படியாக எடுத்துரைத்துக் கேட்போரை அழச் செய்வது. உயிர்ப்பின் மகிழ்ச்சிக்கு அது விரைந்து தாவுவதில்லை. துன்பத்தின் அருகிலேயே நெடுநேரம் நிற்கின்றது. கேட்போர் தம் பாவத்துக்காக அழவேண்டும் என்பதே ஆசிரியர் கருத்து. ஆயினும் அழத் தொடங்கியவர் தம் வீட்டுச் சாவுகளுக்காகவும் அழுதிருப்பர் என்பதில் ஐயமில்லை.

மாசி, பங்குனி மாதங்களில் இந்துக்களான நம் அயலவர் காமன் கூத்து நிகழ்த்துவதும் இங்கு ஒப்பிடத்தக்கது. மன்மதன் எரிக்கப்பட, இரதி ஒப்பாரி வைக்கின்றாள். எரித்த இறைவனையே நோக்கி நியாயம் கேட்கின்றாள். தவக்காலமும் ஏறத்தாழ அதே மாதங்களிலேயே வருகின்றது. ஒரே லயத்தின் ஒரு காம்பராவில் மரியாளின் வியாகுலமும் மறு காம்பராவில் இரதியின் ஒப்பாரியும் கேட்கும். இரண்டும் துன்பத்துக்குக் காரணம் கற்பிப்பதில்லை. அதற்குச் செவியைக் கேட்கின்றன. விவிலியத்தின் எண்பத்தெட்டாம் சங்கீதமும் ஆறுதல் மொழி எதுவுமின்றி இருளோடேயே முடிகின்றது. அத்தகைய பாடலையும் வேதத்தினுள் வைத்தோர், புலம்பல் நம்பிக்கையின்மையன்று எனக் கண்டிருந்தனர் என்பது தெளிவு.

நோக்கம் கூறும் உரிமை

அவ்வாறாயின் நோக்கம் என்ற சொல்லையே கைவிட வேண்டுமா? கைவிட வேண்டியதில்லை என்பதற்கு யோசேப்பின் கதை சான்று. அண்ணன்மாரால் அந்நியர்க்கு விற்கப்பட்ட அவன், பல ஆண்டுகளின் பின் எகிப்தின் அதிகாரியாகி, பஞ்சத்தால் வந்த அவர்களைச் சந்திக்கின்றான். ஆதியாகமத்தின் இறுதி அதிகாரத்தில் அவன் கூறும் விடையில் இரண்டு பகுதிகள் உண்டு: நீங்கள் எனக்குத் தீமையையே எண்ணினீர்கள் என்பது ஒன்று, இறைவன் அதனை நன்மையாக்க எண்ணினார் என்பது மற்றொன்று. இரண்டாம் பகுதி முதற்பகுதியை அழித்துவிடவில்லை. மேலும், இதனைக் கூறியவன் விற்கப்பட்டவன். விற்றவர்கள் இதே கருத்தைக் கூறியிருந்தால் அது பக்தியாகாது, அயோக்கியத்தனமாகும். ரோமருக்கு எழுதிய நிருபத்தின் எட்டாம் அதிகாரத்தில், யாவும் நன்மைக்கு ஏதுவாகும் என்ற கருத்தை எழுதும் பவுலும் அடியும் சிறையும் பட்டவரே.

என் அம்மாயியின் வாக்கியம் இதனையே சொல்லிற்று. துன்பத்தின் நோக்கம், துன்புற்றவர் தம் வாழ்வைத் திரும்பி நோக்கிக் கண்டெடுப்பது. வெளியே நிற்பவர் கையிற் கொடுப்பதன்று.

இவ்வேறுபாடு நம் பிரதேசத்தின் வரலாற்றுக்கு இன்றியமையாதது. நம்மவர் துன்பம் யாவும் ஒரே வகையின அல்ல. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் நம் மூதாதையரை நாடற்றோராக்கியது. 1964இன் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் குடும்பங்களைக் கடலுக்கு இருபுறமும் பிரித்தது. 1981 ஆகஸ்டில் இரத்தினபுரி, காவத்தைப் பகுதிகளில் தோட்டத் தமிழர் தாக்கப்பட்டு இடம்பெயர்ந்தனர். இவை மனிதர் இயற்றியவை; இயற்றியவர்க்கு முகவரி உண்டு. இவற்றை 'சிலுவை' என்ற ஒரே சொல்லால் மூடினால், அம்முகவரி மறைந்துவிடும். சிலுவையே பிலாத்துவின் ஆணையால் நடப்பட்டது என்பதையும், விசுவாச அறிக்கை அவன் பெயரை இன்றளவும் நினைவில் வைத்திருப்பதையும் நாம் மறத்தலாகாது.

மண்சரிவு இயற்கையின் செயலன்றோ எனலாம். லூக்கா சுவிசேஷத்தின் பதின்மூன்றாம் அதிகாரத்தில், சீலோவாமில் கோபுரம் விழுந்து பதினெண்மர் இறந்த செய்தி வருகின்றது. அவர்கள் எருசலேமில் வாழ்ந்த பிறரைக் காட்டிலும் குற்றவாளிகளோ என வினவும் இயேசு, இல்லை என்று தாமே விடையும் கூறுகின்றார். பின் உயிரோடிருப்பவர்களை மனந்திரும்புமாறு அழைக்கின்றார். இறந்தோரின் மரணத்துக்கு அவர் நோக்கம் கற்பிக்கவில்லை. எஞ்சியோர்க்குக் கடமையைச் சுட்டுகின்றார். அரநாயக்கவின் சிங்களக் கிராமத்தவரும் களுப்பஹனவின் தமிழ்த் தொழிலாளரும் ஒரே நாளில் மண்ணுட் புதைந்தபோது, இனமும் மதமும் காரணமாகவில்லை. ஆனால் லயங்களைச் சரிவின் அடியில் எவர் கட்டினர், எச்சரிக்கை விடுக்கப்பட்டால் மக்கள் எங்கே செல்வது, சொந்த நிலம் இல்லாதோர் எவ்வாறு பெயர்வது என்ற வினாக்கள் எஞ்சியோர்க்கு உரியவை. மனந்திரும்புதல் என்பதற்கு நம் பகுதியில் பொருள் அதுவாகவும் இருக்கலாம். 1972இல் கண்டியில் சத்தியோதயத்தை நிறுவித் தோட்ட மக்களோடு பணியாற்றிய இயேசுசபைத் துறவி போல் காஸ்பர்ஸ் போன்றோர் அவ்வாறே பொருள்கொண்டனர் என்பது அவர்தம் பணியால் விளங்கும்.

இவ்விடத்து ஓர் ஆட்சேபம் எழக்கூடும். இவ்வளவும் கூறியபின் இறைவன் எதற்கு, சமூக நீதி போதாதா என முற்போக்கு நண்பர் வினவுவர். மதத் துயரத்தை மெய்த்துயரத்தின் வெளிப்பாடாக மட்டுமன்றி, அதற்கெதிரான கண்டனமாகவும் மார்க்ஸ் கண்டார் என்பதை அவர்களுக்கு நினைவூட்டலாம். அவர் பெயரால் மேற்கோள் காட்டப்படும் ஒரு சொற்றொடர் மட்டுமே நம் மேடைகளில் வழங்குவது நம் வாசிப்பின் குறை. யோபு வழக்காட முடிந்ததே, வழக்கைக் கேட்பவர் ஒருவர் உண்டு என அவன் நம்பியதால்தான். கேட்பவரே இல்லையெனின், மாண்ட அந்த வேலையாட்களின் கணக்கு என்றென்றைக்கும் முடிக்கப்பட்டுவிடும்.

இக்கட்டுரையாளனும் ஓர் எலிப்பாஸ் ஆகும் அபாயம் உண்டு. பல்கலைக்கழக நூலகத்தில் அமர்ந்து பிறர் துயரத்துக்குப் பொருள் கூறுவது எளிது. அம்மாயி இன்றும் யோபு நூலை வாசிக்கின்றார். அண்மையில் விடுமுறையில் சென்றிருந்தபோது, அதில் அவருக்குப் பிடித்த பகுதி எது எனக் கேட்டேன். நண்பர்கள் வந்து வாய் திறக்காமல் ஏழு நாள் கூட இருந்தார்களே, அந்த இடந்தான் என்றார். அதற்குமேல் நான் ஒன்றும் கேட்கவில்லை.